இன்மையும் கண்ணில் படும்

ஒரு சொல்லை மொழிபெயர்ப்பதற்கு அகராதி தரும் பொருள் மட்டும் போதுமா? 'கான்ஸ்பிக்யுவஸ்லி' என்னும் ஆங்கில வினையடையைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

'கூர்ந்து நோக்குதல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினைச்சொல்லின் வழிவந்தது 'கான்ஸ்பிக்யுவஸ்' என்னும் பெயரடை. அதனோடு 'லி' என்னும் ஈறு சேர்ந்து வினையடை ஆயிற்று. தமிழில் 'அழகு' என்னும் சொல் 'ஆக' என்பதைப் பெற்று 'அழகாக' என வருவதை இதனோடு ஒப்பிடலாம். காண்பவர் எவரும் தவறவிட முடியாதபடி ஒன்று தோன்றுவதை இச்சொல் குறிக்கும்.

இதற்கு நெருங்கிய சொற்கள் இரண்டு உண்டு. 'நோட்டிசபிலி' என்பது, மாற்றம் புலனுக்குத் தெரிகிறது என்று மட்டும் கூறும். "காய்ச்சல் உணரத்தக்க அளவு தணிந்தது" என்பது அதற்குப் பொருந்தும். 'நோட்டபிலி' என்பது, இது குறிப்பிடத் தகுந்தது என்னும் எழுதுபவரின் மதிப்பீடு. தமிழில் அது பெரும்பாலும் 'குறிப்பாக' என அமையும்.

மூன்றையும் 'குறிப்பிடத்தக்க வகையில்' என்றே பெயர்த்தால் என்ன நேரும்? எச்சரிக்கைப் பலகையைக் 'கான்ஸ்பிக்யுவஸ்லி' வைக்க வேண்டும் என ஒரு விதி கூறுவதாகக் கொள்வோம். "அனைவர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும்" என்றால் கடமை தெளிவாகிறது. "குறிப்பிடத்தக்க வகையில்" என்றாலோ, பலகையைக் கதவின் பின்னால் வைத்தவரும் விதியைப் பின்பற்றியதாக வாதிடலாம்.

இச்சொல் இல்லாத பொருளுக்கும் அடையாக வருவது வியப்பிற்குரியது. கி.பி. 22இல் உரோமில் யூனியா என்னும் மூதாட்டியின் இறுதி ஊர்வலம் நடைபெற்றது. அவர் காசியஸின் மனைவி, புரூட்டஸின் சகோதரி. இருபது உயர்குடிகளின் முன்னோர் உருவங்கள் அதில் எடுத்துச் செல்லப்பட்டன. சீசரைக் கொன்ற அவ்விருவரின் உருவங்கள் மட்டும் இடம்பெறவில்லை. காணப்படாமையாலேயே அவை மிகுதியாக ஒளிர்ந்தன என்னும் கருத்தை வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் பதிவுசெய்துள்ளார். ஆங்கில அரசியல் தலைவர் ஜான் ரசல் 1859ஆம் ஆண்டுத் தேர்தலின்போது இக்கருத்தைத் தம் தொடரில் கையாண்டார். பின்னர் அத்தொடர் ஆங்கில வழக்கில் நிலைபெற்றது.

இவ்வழக்கைத் தமிழில் எவ்வாறு கூறுவது? "அவர் வெளிப்படையாக வரவில்லை" என்பது பிழை. அவர் மறைவாக வந்தார் என்றும் அது பொருள்படும். "அவர் வராதது எல்லார் கண்ணிலும் பட்டது" என்பதே இயல்பான தொடர். ஆங்கிலத்தின் வினையடை இங்குத் தமிழில் பயனிலையாக மாறிவிடுகிறது.

ஆகவே, மொழிபெயர்ப்பில் சொல்லுக்குச் சொல் தேடுவதினும் மூன்று வினாக்களுக்கு விடை தேடுவது நன்று: காண்பவர் யார்? காணப்படுவது எது? மதிப்பிடுபவர் எவர்? இவற்றின் விடை தெளிந்தால் உரிய தமிழ்த்தொடர் தானே அமையும்.