குழு பிரிப்பது யார்?

'செயல்திட்டத்துக்கு எங்களை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை.' பள்ளி மாணவர்களைச் சந்திக்கும்போது நாங்கள் கேட்கும் புகார் இது. 'நீங்களே ஐந்து பேராகச் சேர்ந்துகொள்ளுங்கள்' என்று ஆசிரியர் சொன்னதும் வகுப்பு தெருவாரியாகப் பிரிந்துவிடுகிறது. காலனிப் பிள்ளைகள் தனிக் குழு. கலந்த குழுவில் இடம் கிடைத்தாலும், சார்ட் ஒட்டுவது இவர்கள். மேடையேறிப் பேசுவது வேறொருவர்.

இந்த வேலை இப்போது வாட்ஸ்அப்புக்கு மாறியிருக்கிறது. அங்கே மாணவியின் கைப்பேசி எண் எல்லோருக்கும் தெரிகிறது. கூகுள் கிளாஸ்ரூம் போன்ற தளத்தில் ஆசிரியர் சேர்த்தாலோ, அவர் தரும் குறியீடு இருந்தாலோதான் நுழைய முடியும். எண்ணைக் காட்ட வேண்டியதில்லை. அதில் ஒரே ஆவணத்தை ஐந்து பேர் எழுதினாலும், யார் எதை எழுதினார் என்பது நேரத்தோடு பதிவாகும்.

ஆனால் தளத்தின் பூட்டு சாதியைத் தடுக்காது. நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் மாணவர்களை அகர வரிசையில் அமர்த்தச் சொன்னது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது என்றது. இணைய வகுப்புக்கும் இதுவே பொருந்த வேண்டும். ஆசிரியரே அகர வரிசையில் குழு பிரிக்கட்டும். உதவித்தொகைப் பட்டியலை அங்கே போட வேண்டாம். கைப்பேசி இல்லாத பிள்ளைக்குப் பள்ளிக் கணினி அறை திறந்திருக்கட்டும்.

மாணவர்களே, உங்கள் பங்கை உங்கள் கணக்கில் நுழைந்தே எழுதுங்கள். இன்னொருவர் கணக்கில் எழுதினால், உங்கள் உழைப்பு அவர் பெயரில்தான் சேரும்.