கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் தானே இயங்க...



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மின்தடை நம் மீமிசல் பகுதிக்குப் புதிதல்ல. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரை கடந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் பல ஊர்கள் நாள் கணக்கில் இருளில் கிடந்தன.

நம்மில் சிலர் சரக்குக் கணக்கை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்து, அதை இணைப்பு மூலம் எடுத்துக் கடையில் பில் போடுகிறோம். கரண்ட் வந்ததும் மின்விசிறி தானே சுற்றும். கம்ப்யூட்டரோ அணைந்தே கிடக்கும். வாடிக்கையாளர் காத்து நிற்க, அதைப் போட ஆள் ஓட வேண்டியுள்ளது.

பழைய கம்ப்யூட்டர்களில் இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் ஸ்விட்ச் விளக்கு ஸ்விட்ச் போன்றது. போட்டது போட்டபடி நிற்கும். 1995-ல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். முறையைக் கொண்டுவந்த பின், பொத்தான் அழைப்புமணி போலாகிவிட்டது. மின்சாரம் திரும்பினால் இயங்குவதா, வேண்டாமா என்பதை மதர்போர்டுதான் முடிவு செய்கிறது. அதற்கு நாம் முன்கூட்டியே உத்தரவு கொடுத்து வைக்கலாம்.

செய்முறை:

1. கம்ப்யூட்டரைப் போட்டவுடன் டெலீட் அல்லது எஃப்-2 விசையை விட்டுவிட்டுத் தட்டினால் பயாஸ் திரை வரும்.

2. அதில் பவர் பகுதியில் 'ரெஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' என்பது போன்ற வரி இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். அங்கு 'லாஸ்ட் ஸ்டேட்' வைப்பது நல்லது. ஓடும்போது மின்சாரம் போயிருந்தால் தானே இயங்கும். இரவில் நாமே அணைத்திருந்தால் அணைந்தே இருக்கும்.

3. எஃப்-10 அழுத்திச் சேமிக்க வேண்டும்.

4. விண்டோஸில் விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்தி 'ஷெல்:ஸ்டார்ட்அப்' என ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு பெட்டி திறக்கும். பில் மென்பொருளின் ஷார்ட்கட்டை அதில் போட்டுவிட்டால், பாஸ்வேர்டு கொடுத்ததும் அதுவே திறக்கும்.

மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, யு.பி.எஸ். இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். மின்சாரம் வந்து வந்து போகும் நேரத்தில் கம்ப்யூட்டரும் எழுந்து எழுந்து விழுந்தால் கணக்குக் கோப்பே கெட்டுப்போகும். இரண்டாவது, மதர்போர்டில் உள்ள சிறு பொத்தான் பேட்டரி தீர்ந்தால் தேதி மாறும். நாம் வைத்த உத்தரவும் அழியலாம். தவறான தேதியில் பில் போனால் ஜி.எஸ்.டி. கணக்கு மாதம் மாறிக் குழம்பும். காலையில் தேதியைப் பார்த்துவிட்டே முதல் பில் போடுங்கள்.

மூன்றாவது, தானே திறக்கட்டும் என்று பாஸ்வேர்டை எடுத்துவிடாதீர்கள். பகிர்ந்து வைத்த கோப்புகளைப் பாஸ்வேர்டு திரை நிற்கும்போதே கடைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். கடை திறக்க ஆள் வைக்கலாம். கல்லாச் சாவி முதலாளியிடமே இருக்க வேண்டும்.

மழைக்காலத்திற்கு முன்பே இதைச் செய்து, ஒருமுறை அணைத்துப் போட்டுச் சோதித்துக்கொள்ளுமாறு வணிக நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.