செத்த காலேஜுக்கு ஒரு நாள் குடும்பத்தோடு போய் வாங்க



சென்னையில் பழைய ஆட்களிடம் கேட்டால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தை 'செத்த காலேஜ்' என்றுதான் சொல்வார்கள். மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்' என்று பெயர். 1851-ல் இந்த மியூசியம் தொடங்கியபோது நுங்கம்பாக்கத்தில் ஒரு காலேஜ் கட்டிடத்தில்தான் இருந்தது. 1854 கடைசியில் எழும்பூர் பாந்தியன் சாலைக்கு வந்தது. அதை நடத்திய டாக்டர் எட்வர்ட் பால்ஃபர் என்ற வெள்ளைக்காரர் அங்கேயே உயிருள்ள மிருகங்களையும் வைத்து ஜனங்களை வரவழைத்தார். அந்த மிருகங்கள்தான் பிறகு இடம் மாறி மாறி, 1985-ல் வண்டலூருக்குப் போய்ச் சேர்ந்தன.

குழுக்களில் சுற்றுலா பேச்சு வந்தால் கோயில், பீச், தி.நகர் என்று தீர்மானம் முடிந்துவிடும். மியூசியம் என்றால் "அது படிச்சவங்க போற இடம், நமக்கு என்ன புரியும்?" என்று கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் டூர் என்றால் மட்டும் கடன் வாங்கியாவது பிள்ளைக்குப் பணம் கட்டுகிறோம். நாம் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. ஆனால் அங்கே இருக்கும் பொருள்களில் நிறைய, நம்மைப் போல மண்ணை வெட்டியவர்கள், ஏர் ஓட்டியவர்கள் கையில் கிடைத்தவைதான். நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பொருளும் அங்கே இருக்கிறது.

முதலில் கல் ஆயுதங்களைப் பாருங்கள். ராபர்ட் புரூஸ் ஃபுட் என்பவர் நிலத்தடிப் பாறைகளை ஆராயும் அரசு அதிகாரி. அவர் 1863 மே 30-ஆம் தேதி பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். சும்மா உடைந்த கல் இல்லை, மனிதன் கையால் செதுக்கிய கோடரி. அதே ஆண்டு செப்டம்பரில் நம் அதிரம்பாக்கத்தில், கொசஸ்தலை ஆற்றுப் பகுதியில், அதே மாதிரி நிறையக் கிடைத்தன. அவர் சேர்த்து வைத்ததையெல்லாம் 1904-ல் இந்த மியூசியம் விலைக்கு வாங்கியது. பார்க்க பெரிய மாங்கொட்டை மாதிரி இருக்கும், ஓரம் மட்டும் கூராக இருக்கும். கைப்பிடி கிடையாது, அப்படியே உள்ளங்கையில் பிடித்து வெட்ட வேண்டியதுதான். அதிரம்பாக்கத்தில் பிற்பாடு நடந்த ஆய்வில், அங்கே ஆழத்தில் கிடைத்த கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை என்று 2011-ல் கணித்துச் சொன்னார்கள். அவற்றைச் செய்தவர்கள் நமக்கும் முந்தைய மனித இனம். நாம் ஆடு மேய்க்கிற இடம் அது!

அடுத்து முதுமக்கள் தாழி. செத்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானை. தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ என்பவர் 1899 முதல் 1905 வரை தோண்டி எடுத்த தாழி, இரும்புச் சாமான், வெண்கலச் சாமான், நெற்றியில் கட்டும் தங்கப் பட்டம் எல்லாம் இந்த மியூசியத்துக்கு வந்தன. தாழிக்குள் இருந்த சட்டிகளில் நெல் உமியும் தானிய உமியும் இருந்ததாக அவர் எழுதி வைத்திருக்கிறார். செத்தவருக்குச் சோறு வைத்து அனுப்பியிருக்கிறார்கள். இதைப் படித்தவர் வந்து நமக்கு விளக்க வேண்டியதில்லை, படையல் போடுகிற நமக்கே தெரியும்.

வெண்கலச் சிலைக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார். அவரைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். சுற்றிலும் உள்ள சிலைகளில் பல, எப்போதோ யாரோ பத்திரத்துக்காகப் புதைத்து வைத்து, பிறகு வயலிலும் வீட்டு மனையிலும் தோண்டும்போது கிடைத்தவை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஏரி தூர் வாரும்போதும் கடைக்கால் தோண்டும்போதும் நம் உறுப்பினர்கள் கையிலும் இப்படி ஏதாவது கிடைக்கலாம். "வெளியில சொன்னா போலீஸ் வரும், நிலம் போயிடும்" என்ற பயத்தில் பானையை உடைத்துப் போடுவதும், பழைய சாமான் வியாபாரியிடம் சொற்ப காசுக்குக் கொடுப்பதும் நடக்கக்கூடியதுதான். சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்தால் இந்தப் பயம் தேவையில்லை. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ளிருந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும், என்ன பொருள், எங்கே, எந்தத் தேதியில் கிடைத்தது, மதிப்பு சுமாராக எவ்வளவு என்று கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் சொன்னால் தாசில்தார் வழியாகப் போகும், ஆனாலும் எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். விசாரணையில் அது நூறு வருஷத்துக்கு மேல் பழையது, உரிமையாளர் இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்காரருக்குக் கால் பங்கும் என்பது பொதுவான கணக்கு. அரசே எடுத்துக்கொண்டால், அந்தப் பொருள் எதனால் ஆனதோ அதன் மதிப்போடு இன்னும் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும். நிலத்தைப் பறிப்பது பற்றி அந்தச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. மறைத்தால்தான் வம்பு: பங்கும் போகும், ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் கிடைக்கலாம்.

மண்பானைக்கு என்ன மதிப்பு என்று நினைத்து நோண்டாதீர்கள். எந்த ஆழத்தில், எது பக்கத்தில் எது இருந்தது என்பதை வைத்துத்தான் காலத்தைக் கணிக்கிறார்கள். பிடுங்கி எடுத்தபின் அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

பிள்ளைகள் ஓடி நிற்கும் இடம் திமிங்கல எலும்புக்கூடுதான். 1874-ல் மங்களூர்ப் பக்கம் கரை ஒதுங்கியது, சுமார் 60 அடி நீளம். திமிங்கலம் மீன் இல்லை, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் ஜாதி. அதன் துடுப்பு எலும்பை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். நம் கை மாதிரியே விரல் எலும்பு தெரியும். இதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

மொத்தம் ஆறு கட்டிடம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் கால் வலிதான் மிச்சம். மூன்று கூடம் போதும். மாமியாரையும் கூட்டிப் போங்கள், ஆனால் நடுவில் உட்கார வையுங்கள். கட்டுச்சோறு கொண்டு போகலாம், கூடத்துக்குள் சாப்பிடக் கூடாது. பக்கத்திலேயே 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகம் இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மகள் இருந்தால் அதையும் காட்டிவிட்டு வாருங்கள்.

வெள்ளிக்கிழமை விடுமுறை, தேசிய விடுமுறை நாட்களிலும் பூட்டியிருக்கும். சில கூடங்களில் பராமரிப்பு வேலையும் நடக்கும், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். திருவள்ளூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல், எதிரே பார்க் ஸ்டேஷனில் மாறினால் அடுத்த நிறுத்தமே எழும்பூர். அங்கிருந்து நடந்தே போய்விடலாம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குப் பூண்டி நீர்த்தேக்கத்தின் அருகில் தொல்லியல் துறையின் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. அதிரம்பாக்கத்துக் கல் ஆயுதங்களை அங்கேயும் பார்க்கலாம்.