தொட்டவனெல்லாம் ரெய்டரா?

2022-ம் வருட புரோ கபடி ஏலத்தில் பவன் ஷெராவத்துக்கு 'தமிழ் தலைவாஸ்' கொடுத்த விலை 2 கோடியே 26 லட்சம்! முதல் மேட்சிலேயே முழங்காலில் அடி. மனுஷர் அந்த சீசன் முழுக்க வெளியே. அணியைத் தூக்கி நிறுத்தியது யார் என்கிறீர்கள்? நரேந்தர் என்ற ஹரியானா பையன். அவனுக்கு அதுதான் முதல் சீசன்... 243 ரெய்டு பாயின்ட்! தலைவாஸ் முதல் தடவையாக செமி ஃபைனலைப் பார்த்தது.

இன்னொரு கூத்து. 2015-ல் பெங்களூரு புல்ஸில் சில மேட்ச் ஆடினார் பர்தீப் நர்வால். அடுத்த சீசனில் அங்கே இல்லை. பாட்னா அள்ளிக்கொண்டு போய்விட்டது. 2017-ல் ஒரே சீசனில் 369 ரெய்டு பாயின்ட் எடுத்தார்!

கம்ப்யூட்டரும் கோச்சுமாக உட்கார்ந்து பொறுக்குகிறவர்களுக்கே இந்தத் தடுமாற்றம் என்றால், தர்மபுரி மாவட்டத்துக் களத்துமேட்டில் ஒரு பதினேழு வயசுப் பையனைப் பார்த்து, 'இவன் தேறுவான்' என்று எப்படிச் சொல்வது?

பாலக்கோடு பக்கம் எனக்குத் தெரிந்த பி.டி. மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். ரிடையர் ஆனவர். பொங்கல் சமயத்தில் எந்த ஊரில் நைட் மேட்ச் என்றாலும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு தடவை நானும் வண்டியில் தொற்றிக்கொண்டேன்.

ஃபைனலில் வாட்டசாட்டமான பையன் ஒருவன் 19 பாயின்ட். மைக்செட்காரர் தொண்டை கிழியப் புகழ்கிறார். அதே செட்டில் ஒல்லியாக ஒருத்தன், வெறும் 9. நான் கைதட்டியதைப் பார்த்து மாஸ்டர் சிரித்தார்.

''பத்தொன்பதுல போனஸ் எத்தனைன்னு எண்ணினீங்களா சார்? பதினொண்ணு! தொட்டதெல்லாம் அந்த லெஃப்ட் கார்னர் பையனை. அவன் கல்யாணப் பந்தியிலேர்ந்து எழுந்து வந்தவன் மாதிரி நிக்கறான்...''

எதிரில் ஆறு பேராவது நின்றால், யாரையும் தொடாமல் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தாலே ஒரு பாயின்ட். அது கெட்டிக்காரத்தனம்தான்; ஆனால் அது மட்டுமே போதாது.

''டூ ஆர் டை ரெய்டுக்கெல்லாம் யாரை அனுப்பினாங்க பாருங்க'' என்றார். ஒல்லியைத்தான்! அடுத்தடுத்து இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவதில் பாயின்ட் எடுத்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் போனவன் அவுட். இருப்பது 30 செகண்ட். இவன் உள்ளே வந்தே தீருவான் என்று தெரிந்து, எதிராளிகள் கை கோத்துக் காத்திருக்கிறார்கள். அதில் எடுத்த பாயின்ட்தான் அந்த ஒன்பதில் பாதி.

''நாலு தடவை மாட்டினானே, சார்?''

''எங்கே மாட்டினான்? நடுக்கோட்டுக்கு ஒரு சாண் இருக்கறப்போ. அந்த ஒரு சாணுக்கு உடம்பு போதலை. அது வந்துரும். மாட்டினதுக்கு அடுத்த ரெய்டுல அதே மூலைக்குப் போறான் பாருங்க, அதைச் சொல்லிக் குடுக்க முடியாது.''

எனக்கு முழுச் சம்மதமில்லை. 'உடம்பு வந்துரும்' என்று நம்பி, வராமலே போனவர்களும் உண்டே! தவிர, மண்ணில் சறுக்கித் தப்பிக்கிற கால் வேறு. ஷூவைக் கவ்விப் பிடிக்கிற மேட்டில் திரும்புகிற கால் வேறு. மாஸ்டரும் இதை ஒப்புக்கொண்டார். ''அதுக்குத்தான் ஒரு வருஷம் கேக்கப் போறேன்.''

மறுநாள் காலை ஒல்லியின் வீட்டு வாசலில் நின்றோம். அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்.

''அடுத்த வாரம் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வரச் சொல்லியிருக்காங்க, சார். வெளையாண்டா ரயில்வேல, போலீஸ்ல வேலை கெடைக்குங்களா?''

''நிச்சயமா கெடைக்கும்னு சொல்ல மாட்டேம்மா. தேறலைன்னா நானே திருப்பூருக்கு பஸ் ஏத்தி விடறேன்.''

''கப்பு வாங்கினது அந்தப் பெரிய பையன்தானுங்களே? அவனை விட்டுட்டு எம்பையனை எதுக்குங்க கேக்கறீங்க?''

மாஸ்டர் ஒரு குச்சியை எடுத்து, ஈர வாசலில் நடுக்கோடு போட்டார். அப்புறம் போனஸ் கோடு. ஒவ்வொரு ரெய்டாக விளக்க ஆரம்பித்தார். பையன் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். அந்தம்மா அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்துவிட்டு வந்து, முழுக்கக் கேட்டார்.

''சித்திரை வரைக்கும் இருக்கட்டுங்க'' என்றார்.