பள்ளிப் பிள்ளைகளுக்கு வணிகம் கற்பிக்கலாமா?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையை நம்மில் பலர் அறிவோம். மிளகு, காபி, வாழை, பலா, அன்னாசி, சாமை ஆகியவை அங்கிருந்து இறங்குகின்றன. மளிகையும் சோப்பும் துணிமணியும் மேலே ஏறுகின்றன. ஆலத்தூர் நாடு போன்ற மலை ஊராட்சிகளில் விளைவிப்பவர் ஒருவர். விலை சொல்பவர் பெரும்பாலும் சேந்தமங்கலத்திலோ ராசிபுரத்திலோ இருந்து வரும் வியாபாரி.

ஆலத்தூர் நாட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு வணிகம் கற்றுக் கொடுத்தால் நமக்கென்ன லாபம்? நமக்கே போட்டிக்கு ஆள் தயார் செய்வதாகாதா? இந்த ஐயம் நம் உறுப்பினர்கள் பலருக்கும் எழுவது இயல்பு. ஐயத்தை மறைக்காமல் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

முன்னோர் கண்ட வழி

இளம் வயதில் தொழில் பழக்குவது நமக்குப் புதிதல்ல. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கடை வைத்த நகரத்தார், சிறு வயதிலேயே பிள்ளைகளைப் ‘பெட்டியடிப் பையன்’ என்று சேர்த்துக் கொண்டார்கள். எடுபிடி வேலையில் தொடங்கி, கணக்கு எழுதப் பழகி, அடுத்தாளாகி, திறமை இருந்தால் கடையையே நடத்தும் ஏஜெண்டாக உயரலாம். பாடம் முழுவதும் பேரேட்டிலும் கல்லாப்பெட்டி அருகிலும்தான் நடந்தது.

சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அந்தப் பயணம் ஓர் ஊரின் தலையெழுத்தையே மாற்றியது. விருதுநகர் வணிகர்கள் மகமைப் பணத்தால் பள்ளிக்கூடமே நடத்தினார்கள். அப்படி நடந்த க்ஷத்ரிய வித்யாசாலாவில்தான் காமராஜர் படித்தார்.

ஆனால் ஒரு குறை உண்டு. இந்தக் கல்வி பெரும்பாலும் அவரவர் குடும்பத்துக்குள்ளும் சமூகத்துக்குள்ளும்தான் நின்றது. கடைக்காரர் மகனுக்குத் தானாகக் கிடைத்த இந்தப் பாடம் மலையில் மிளகு பறிப்பவர் மகளுக்குக் கிடைக்கவில்லை.

எதைக் கற்பிப்பது?

‘தொழில்முனைவோர் பயிற்சி’ என்றதும் மேடைப் பேச்சும் சான்றிதழும்தான் நினைவுக்கு வருகின்றன. பிள்ளைகளுக்கு வேண்டியது அதைவிட எளிது: அடக்க விலை, எடையும் தரமும், கடன். இந்த மூன்றும் புரிந்தால் போதும்.

ஒரு மாணவி 10 கிலோ சாமை அரிசியை 800 ரூபாய்க்கு வாங்குகிறாள் என்று வைத்துக் கொள்வோம். அரைக் கிலோ வீதம் 20 பொட்டலம் போடுகிறாள். உறைக்கு 40 ரூபாய், பஸ் செலவு 60 ரூபாய். ஆக மொத்தம் 900 ரூபாய். பொட்டலத்தின் அடக்கம் 45 ரூபாய். 55 ரூபாய்க்கு விற்றால் 200 ரூபாய் லாபம். ‘நூற்றுக்கு எத்தனை?’ என்று கேளுங்கள். அடக்கத்தின் மேல் 22 சதவீதம். விற்பனையின் மேல் 18 சதவீதம். இந்த வேறுபாடு தெரியாமல் தள்ளுபடி கொடுத்துக் கையைச் சுட்டுக் கொண்ட பெரியவர்களே உண்டு.

அடுத்த பாடம் இன்னும் முக்கியம். இருபதில் ஐந்து பொட்டலம் கடனில் போய்விட்டது. கையில் வந்த ரொக்கம் 825 ரூபாய். ஏட்டில் 200 ரூபாய் லாபம்; பெட்டியிலோ போட்ட முதலுக்கே 75 ரூபாய் குறைவு. அடுத்த கொள்முதலுக்குப் பணம் எங்கே? லாபம் வேறு, ரொக்கம் வேறு என்பதை இந்த ஒரு கணக்கு புரிய வைத்துவிடும். அவள் உழைத்த நேரத்துக்குக் கூலி இதில் சேரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மிளகும் நல்ல பாடம். பச்சை மிளகு மூன்று கிலோ காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் நிற்கும். பச்சையாக விற்பதா, காயவைத்து விற்பதா என்பதை இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். ஒரு லிட்டர் மிளகு 550 கிராம் நிற்கிறதா, பொக்கு எவ்வளவு என்று பார்க்கப் பழகிய பிள்ளை, விலை ஏன் குறைகிறது என்பதையும் புரிந்து கொள்ளும்.

நமக்கு என்ன லாபம்?

கணக்குத் தெரிந்த விவசாயி ஈர மிளகையும் காய்ந்த மிளகையும் கலந்து கொண்டு வரமாட்டார். தரம் பிரித்துக் கொடுத்தால் நமக்குக் கழிவு குறையும். கணக்குத் தெரிந்த வாடிக்கையாளர் பாக்கியைத் தள்ளிப் போடத் தயங்குவார். எடையில் ஏமாற்றுபவருக்கு மட்டும்தான் இந்தக் கல்வியால் நஷ்டம். அப்படிப்பட்டவரைக் காப்பாற்ற நமக்குச் சங்கம் தேவையில்லை.

கொல்லிமலையிலேயே இதற்குச் சான்று உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் மலைப் பெண்களின் சுய உதவிக் குழுக்கள் சாமை, தினை, கேழ்வரகை மாவாகவும் ரவையாகவும் பொட்டலமிட்டு விற்கக் கற்றுக் கொண்டன. மறைந்து கொண்டிருந்த தானியங்களுக்குச் சந்தை கிடைத்தது. கடைகளுக்குப் புதுச் சரக்கு கிடைத்தது. பெரியவர்கள் நடுவயதில் கற்றதைப் பிள்ளைகள் பள்ளி நாளிலேயே கற்கலாமே.

எல்லோரும் முதலாளி ஆகிவிடுவார்களா? மாட்டார்கள். நெதர்லாந்தில் மாணவர்களுக்கு இத்தகைய பயிற்சி அளித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2010-இல் வெளிவந்தது. பயிற்சிக்குப் பின் தொழில் தொடங்கும் எண்ணம் குறைந்துவிட்டது என்பதே அதன் முடிவு. இதைத் தோல்வி என்று நான் கருதவில்லை. சுமையை முன்பே அறிந்து விலகியவர், பிற்பாடு வீட்டை அடகு வைத்துக் கடை திறந்து மூடும் நிலைக்கு வரமாட்டார்.

சட்டத்தை மறக்க வேண்டாம்

கற்பிக்கிறோம் என்ற பெயரில் மலிவுக் கூலிக்கு ஆள் பிடிப்பது கூடாது. 2016-இல் திருத்தப்பட்ட சட்டப்படி 14 வயதுக்கு உட்பட்டவரை எந்தக் கடையிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. சொந்தக் குடும்பத் தொழிலில், ஆபத்தில்லாத வேலையில், பள்ளி நேரம் போக உதவ மட்டுமே அனுமதி உண்டு. 14 முதல் 18 வயது வரை உள்ளவருக்கும் ஆபத்தான தொழில்கள் தடை. இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது. நம் பையன்கள் கற்க வரட்டும். மூட்டை தூக்க அல்ல.

சங்கம் செய்யக் கூடியது

டெல்லி அரசுப் பள்ளிகளில் 2021-இல் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குத் தலைக்கு 2,000 ரூபாய் முதல் கொடுத்துக் குழுவாகத் தொழில் செய்ய வைத்தார்கள். நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம்.

தலைமையாசிரியர் ஒப்புதலுடன் உறுப்பினர் ஒருவர் மாதம் ஒரு மணி நேரம் பள்ளிக்குச் செல்லட்டும். ஒரு தராசு, ஒரு படி மிளகு, ஒரு பழைய ரோக்கடப் புத்தகம் எடுத்துச் சென்றால் போதும். ஆண்டுக்கு ஒருமுறை மாணவர்கள் தாங்களே விலை வைத்து விற்கும் ஒருநாள் சந்தைக்குச் சங்கம் சிறு முதல் தரட்டும். நாளின் முடிவில் வரவு செலவைப் பிள்ளைகளே எழுதி எல்லோர் முன்னும் வாசிக்கட்டும். நஷ்டம் வந்திருந்தால் அதையும் வாசிக்கட்டும். அன்றைய சிறந்த பாடம் அதுவாகவே இருக்கும்.

மகமை கொடுத்துப் பள்ளி கட்டிய மரபில் வந்தவர்கள் நாம். மாதம் ஒரு மணி நேரம் நமக்குப் பெரிய செலவல்ல.