கையோட கையா இதையும்...

கூலிக் கணக்கு – 9

சென்ற வாரம் தி.நகர் ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கும் பெண்களைப் பற்றி எழுதினேன். அவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. 1947இல் வந்த அந்தச் சட்டத்தில் வேலை நேரத்துக்கும் வரம்பு உண்டு. நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரண்டு மடங்கு கூலி. கடைகளில் இது ஒழுங்காக நடக்கிறதா என்பது வேறு பேச்சு. நடக்காவிட்டால் சுட்டிக்காட்ட ஒரு சட்டப்பிரிவு இருக்கிறது. வந்து பார்க்க ஓர் ஆய்வாளர் இருக்கிறார்.

அந்த ஜவுளிக்கடைப் பெண்ணின் அம்மா மந்தைவெளியில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவராக இருந்தால், அவருக்கு இந்த இரண்டுமே இல்லை. இந்த வாரம் அந்த அம்மாவின் கணக்கைப் பார்ப்போம்.

மயிலாப்பூர், ராஜா அண்ணாமலைபுரம், அடையாறு பக்கம் வீட்டு வேலைக்கு ஆள் வைக்கும் பேச்சு வாசற்படியில் நின்றபடியே முடிந்துவிடும். பாத்திரத்துக்கு இவ்வளவு, பெருக்கித் துடைக்க இவ்வளவு, துணிக்கு இவ்வளவு. வீட்டில் எத்தனை பேர், ஒரு வேளையா இரண்டு வேளையா, வாஷிங் மெஷின் உண்டா என்று கேட்டுக்கொள்வார்கள். வாசல் தெளித்துக் கோலம் போடுவது தனி. எழுத்தில் எதுவும் இருக்காது. ஆனாலும் எந்த வேலைக்கு எவ்வளவு என்று இரு தரப்புக்கும் தெளிவாகத் தெரியும்.

இரண்டாம் மாதத்திலிருந்து அந்தத் தெளிவு கலையத் தொடங்கும். "கையோட கையா அந்த பால்கனியையும் கழுவி விட்டுடு." "போறதுக்கு முன்னாடி இந்தக் கீரையை ஆய்ஞ்சு வெச்சுடேன்." "நாளைக்கு வர்றப்போ ரெண்டு பாக்கெட் பால் வாங்கிண்டு வந்துடு." எதுவும் பெரிய வேலை இல்லை. யாரும் அதட்டிச் சொல்வதும் இல்லை. "நீ எங்காத்துப் பொண்ணு மாதிரி" என்று சொன்ன கையோடு வரும் வேலையை மறுக்க எந்தப் பெண்ணால் முடியும்? "சரி மாமி" என்றுதான் பதில் வரும்.

பண்டிகை வந்தால் வேலை இன்னும் கூடும். நவராத்திரிக்குப் பரணிலிருந்து பெட்டிகளை இறக்க வேண்டும், ஒட்டடை அடிக்க வேண்டும், படி கட்டக் கை கொடுக்க வேண்டும், பொம்மைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துத் தர வேண்டும். பித்தளை விளக்குகளும் தாம்பாளங்களும் புளி போட்டுத் தேய்க்கக் காத்திருக்கும். ஒன்பது நாளும் வெற்றிலை பாக்கு வாங்க வருகிறவர்களுக்குச் சுண்டல், காபி. அந்த டம்ளர்களும் டபராக்களும் மறுநாள் காலை தொட்டியில் மலையாகக் கிடக்கும். பேசியது நாலு பேர் வீட்டுப் பாத்திரம். தேய்ப்பது நாற்பது பேர் குடித்த பாத்திரம். அடுத்து தீபாவளி வரும், பட்சணம் சுட்ட எண்ணெய் வாணலிகளோடு. மார்கழியில் விடியும் முன்பே வந்து பெரிய கோலம் போட வேண்டும். தீபாவளிக்குப் புடவையும் போனஸும் கொடுக்கிறோமே என்பார்கள். கொடுக்கிறார்கள், அது நல்ல வழக்கம்தான். ஆனால் போனஸ் என்பது வருஷம் முழுக்க உழைத்ததற்கு. மேற்கொண்டு செய்த வேலைக்கான கூலியையும் அதிலேயே கழித்துக்கொள்வது நியாயமில்லை.

ஒரு வீட்டில் அரை மணி நேரம் கூடினால் என்ன ஆகும் என்பது, ஒரே வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்குத் தெரியாது. இந்த நகரின் தென்பகுதி வீடுகளுக்கு வேலைக்கு வரும் பெண்களில் பலர் இப்போது அருகில் குடியிருக்கவில்லை. கூவம், அடையாறு கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு, 2000 முதல் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும், 2015 வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்கள். பெரும்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் சுமார் 20 கிலோமீட்டர். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது இவர்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய நிம்மதி. ஆனால் அந்தப் பேருந்தைத் தவறவிட்டு, அடுத்து வருவது டீலக்ஸாக இருந்தால் காசு கொடுக்க வேண்டும். இல்லையென்றால் நின்றுகொண்டே இருக்க வேண்டும். முதல் வீட்டில் கீரை ஆய்ந்த நேரம் இரண்டாவது வீட்டில் தாமதமாகும். அங்கே, "ஏன் இவ்வளவு லேட்?" என்று முகம் சுளிப்பார்கள். மூன்றாவது வீட்டில் அதற்குள் பாத்திரத்தை அவர்களே தேய்த்துவிட்டு, அந்த நாளைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். இப்படி, ஒரு வீட்டில் இலவசமாகச் செய்த வேலைக்கு இன்னொரு வீட்டில் அவரே பணம் கட்டுகிறார்.

இவை எல்லாவற்றையும் விடக் கனமான வேலை ஒன்று இருக்கிறது. மயிலாப்பூரிலும் அடையாறிலும் தெருவுக்குத் தெரு வயதான தம்பதிகள் தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகள் அமெரிக்காவில், சிங்கப்பூரில். பாத்திரம் தேய்க்க என்று வந்த பெண், பெரியவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார், குளியலறை வரை கைத்தாங்கலாக அழைத்துப் போகிறார், ரத்தப் பரிசோதனைக்கு ஆட்டோ பிடித்துக் கூடவே போய் உட்காருகிறார். ராத்திரி பத்து மணிக்கு வெளிநாட்டிலிருந்து போன் வரும். "அக்கா, அம்மா போன் எடுக்கலை. கொஞ்சம் போய்ப் பாத்துட்டுச் சொல்றீங்களா?" பக்கத்தில் குடியிருப்பவர் என்றால் அவர் போய்ப் பார்க்கவும் செய்வார். அந்த மகனின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் இதே வேலைக்கு ஏஜென்ஸியிலிருந்து ஓர் அட்டெண்டரை வைத்தால் நாள் கணக்கில் பணம் கட்டியாக வேண்டும். அக்காவுக்கு மட்டும் நன்றி சொன்னால் போதும் என்று நினைப்பது பெரிய அநியாயம்.

ஏன் மறுப்பதில்லை? ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது வாங்கிய கடன் ஒரு காரணம். முதலாளியம்மா முன்பணமாகக் கொடுத்து உதவியிருப்பார், மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். வட்டி வாங்கமாட்டார். அந்த நல்ல மனதுக்கு முன்னால், "இது நம்ம பேச்சுல இல்லையேம்மா" என்று சொல்ல வாய் வராது. மறுத்தால் நாளையே வேறு ஆள் வரும் என்ற பயமும் உண்டு.

அரசாங்கம் எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2007இல் தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனி நல வாரியம் அமைந்தது. பிள்ளைகளின் படிப்பு, திருமணம், விபத்து, முதியோர் ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு அங்கே பதிவு செய்தவர்களுக்கு உதவி உண்டு. 2018இல் குறைந்தபட்சக் கூலியும் நிர்ணயித்தார்கள், மணிக்கு 37 முதல் 39 ரூபாய் என்று. தொகை குறைவு என்று அப்போதே சங்கங்கள் சொல்லின. எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. அரசு மணிக்கணக்கில் கூலி வைக்கிறது; நம் தெருக்களில் வேலைக் கணக்கில் பேசுகிறோம். பேச்சில் வராத வேலை இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்து காணாமல் போகிறது. யாரும் அந்த வீட்டில் கடிகாரம் பார்ப்பதில்லை. கடைக்குள் நுழைவது போல ஆய்வாளர் வீட்டுக்குள் நுழைவதும் இல்லை.

அந்தக் குறைந்த கூலியை வைத்தே கணக்குப் போடுங்கள். நாளுக்கு அரை மணி, மாதம் 26 நாள் என்றால் 13 மணி நேரம். மணிக்கு 37 ரூபாய் வீதம் 481 ரூபாய். மூன்று வீட்டில் இப்படி என்றால் மாதம் 1,443 ரூபாய். வருஷத்துக்கு 17,316 ரூபாய். கடைச் சட்டம் சொல்வது போல இரண்டு மடங்காகக் கணக்கிட்டால் 34 ஆயிரத்தைத் தாண்டும். கடன் வாங்காமலே பள்ளிக்கூடச் செலவைச் சமாளிக்க அந்தப் பணம் எவ்வளவோ உதவியிருக்கும்.

இதை ஒழுங்குபடுத்த முடியாது என்று சொல்பவர்களுக்கு: தென் ஆப்பிரிக்காவில் 2002 முதலே வீட்டுப் பணியாளருக்கு வாரம் 45 மணி நேரம் என்று வரம்பு இருக்கிறது, மேற்கொண்டு உழைத்தால் ஒன்றரை மடங்கு கூலி. உருகுவே நாட்டில் 2006இல் 8 மணி நேர வேலை நாள் சட்டமானது. 2011 ஜூன் 16 அன்று ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 189ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி என்பதை வேலைக்கு வருபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும், முடிந்தவரை எழுத்தில் தர வேண்டும் என்கிறது அது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. ஆனால் இன்றுவரை ஏற்றுக் கையெழுத்திடவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வீட்டுப் பணியாளருக்குத் தனிச் சட்டம் வேண்டுமா என்று ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

சட்டம் வரட்டும், வர வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றை இந்தத் தொடரைப் படிக்கும் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் வீட்டில் வேலை செய்பவரோடு இந்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் உட்காருங்கள். சேரும்போது பேசிய வேலைகள் எவை, பிறகு சேர்ந்தவை எவை என்று இருவருமாக ஒரு தாளில் எழுதுங்கள். அவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். சேர்ந்தவற்றுக்கு ஒரு விலை பேசுங்கள். கொலு, பட்சணம், விருந்தாளி, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும். அந்தத் தொகையை அடுத்த மாதச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுங்கள். அவராகக் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், அவர் கேட்கமாட்டார்.

(தொடரும்)