ஆசிரியரை ஆண்ட மாணாக்கர்

மணி அடித்த பின்னும் விரிவுரையை நிறுத்தாத பேராசிரியருக்கு அபராதம். நேரம் பிந்தித் தொடங்கினாலும் அபராதம். நூலில் ஓர் அதிகாரத்தைத் தாண்டிச் சென்றால் அதற்கும் அபராதம். விதித்தவர் அரசருமல்லர், ஆயருமல்லர். அவரிடம் பாடங்கேட்ட மாணாக்கரே! இத்தாலி தேசத்துப் பொலோனா நகரிலே, பதின்மூன்றாம் பதினான்காம் நூற்றாண்டுகளில் நடைமுறையிலிருந்த விதிகள் இவை.

பொலோனாச் சர்வகலாசாலை 1088ஆம் ஆண்டிலே பிறந்ததாகக் கொள்வது மரபு. ஆயினும் அவ்வாண்டில் அதனை எவரும் திறந்துவைக்கவில்லை. உரோமச் சட்டத்தைப் போதித்த இர்னேரியஸ் முதலிய அறிஞரை நாடி, ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்தும் மாணாக்கர் வந்து திரண்டனர். அவருட் பலர் வளர்ந்த ஆடவர். திருச்சபைப் பதவி வகித்தோரும் உளர். எனினும் அந்நகரில் அவர்கள் அந்நியரே. தம் நாட்டவன் ஒருவன் பட்ட கடனுக்குத் தாம் பிடிபடும் அபாயமும் அவர்க்கிருந்தது. ஆகவே தற்காப்புக்காகச் சங்கங்களாகக் கூடினர். 'யுனிவர்சித்தாஸ்' என்னும் இலத்தீன் சொல் அன்று குறித்தது இத்தகைய சங்கத்தையே, கட்டடத்தையன்று.

சங்கத்தின் தலைவரும் ஒரு மாணாக்கரே. அவருக்குக் கீழ்ப்படிவதாக ஆசிரியர் சத்தியஞ் செய்தல் வேண்டும். மாணாக்கர் கொடுத்த பணத்திலேயே ஆசிரியர் சீவித்தமையால் வேறு வழியில்லை. நகரத்தார் முரண்பட்டாலோ, கூட்டமாக வெளியேறுவதே மாணாக்கரின் ஆயுதம். 1222இல் அவ்வாறு பிரிந்து சென்றோராலேயே பாதுவாச் சர்வகலாசாலை தோன்றிற்று.

என்னை மிகவுங் கவர்ந்தது பாடத்தைப் பங்கிட்ட முறையாகும். சட்டநூல்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் எத்தவணைக்குள் முடித்தல் வேண்டுமென முன்னரே வரையறுத்தனர். ஆசிரியர் ஆண்டுத் தொடக்கத்தில் வட்டிக்கடைக்காரரிடம் ஒரு தொகையைக் கட்டிவைப்பார். தவணை தவறுந்தோறும் அதிலிருந்து தண்டம் கழிக்கப்படும். கடினமான இடத்தைப் பின்னர் பார்ப்போமென ஒத்திப்போடவும் இயலாது. முதல் அத்தியாயத்தில் மாதக்கணக்காகத் தங்கிவிட்டு, பரீட்சை நெருங்கியதும் எஞ்சியதை ஓட்டமாக ஓட்டும் வழக்கத்தை அறிந்தவர், எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய அம்மாணாக்கரின் எரிச்சலை எளிதில் விளங்கிக்கொள்வர்.

ஆனால் இதனைக் கூட்டுறவென்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஐந்து பேராவது கேட்க வராவிடின், அன்று ஆசிரியர் வகுப்புக்கு வராதவராகவே கணிக்கப்பட்டார். அவருடைய தவறுகளை இரகசியமாக அறிவிக்கவும் மாணாக்கர் நியமிக்கப்பட்டிருந்தனர். ஒற்றர் அமர்ந்திருக்கும் வகுப்பிலே ஆசிரியர் புதிதாக எதனைச் சிந்தித்துச் சொல்வார்? தவணை பிழைக்காமல் பாடத்தை முடிப்பார், அவ்வளவே. உள்ளூர் மாணாக்கருக்கோ அச்சங்கங்களில் இடமேயில்லை.

ஒரு வாயிலை மட்டும் மாணாக்கரால் திறக்க முடியவில்லை. பரீட்சித்துப் பட்டத்துக்குத் தகுதியுடையவரெனத் தீர்ப்பது ஆசிரியர் கழகத்தின் கையிலிருந்தது. போதிக்கும் அனுமதியை வழங்கும் உரிமையைப் பாப்பரசர் மூன்றாம் ஹொனோரியஸ் 1219இல் அந்நகரத்து ஆலய அதிகாரியொருவரிடம் ஒப்படைத்தார். எப்படிக் கற்பிப்பது என்பதில் மாணாக்கர் சொல் செல்லும். யார் கற்றவர் என்பதில் செல்லாது.

பின்னர் நகராட்சியே ஆசிரியருக்குச் சம்பளங் கொடுக்கத் தொடங்கிற்று. முதலில் அச்சம்பளம் பெறுவோரையும் மாணாக்கரே தெரிவுசெய்தனர். ஆனால் பணப்பையை வைத்திருப்பவர் தெரிவையும் விரும்பாதிருப்பரோ? பதினான்காம் நூற்றாண்டு நகர நகர, தெரிவும் நகராட்சியின் பக்கஞ் சாய்ந்தது. கலகமோ தடையுத்தரவோ வேண்டியிருக்கவில்லை; கொடுக்குங் கை மாறியதே போதுமாயிற்று.

1999இல் ஐரோப்பிய நாடுகளின் கல்வியமைச்சர்கள் உயர்கல்வியை ஒருமைப்படுத்தும் பிரகடனமொன்றில் ஒப்பமிட்டதும் இதே பொலோனாவிலேதான். மாணாக்கரின் பங்கைப் பற்றி அப்பிரகடனம் ஒன்றுஞ் சொல்லவில்லை. இரண்டாண்டு கழித்துப் பிராக் நகரிற் கூடியபோதே, சர்வகலாசாலைக் கல்வியின் அமைப்பிலும் உள்ளடக்கத்திலும் மாணாக்கர் பங்குபற்றிச் செல்வாக்குச் செலுத்துதல் வேண்டுமென அமைச்சர்கள் எழுதிச் சேர்த்தனர்.